948 யாருடைய எண்?

போன வாரம் குன்னூரில் மழை விட்டபாடில்லை. கரண்டும் இல்லை. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். போனில் சார்ஜ் தீர்வதற்குள் ஒரு புதிரைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனான். இடது பக்கம் பத்து எண்கள், வலது பக்கம் பத்து பழைய கார்கள். பொருத்துக. பள்ளிக்கூடம் முடித்த பிறகு இந்த வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். மெழுகுவர்த்தியைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு 1489-லிருந்து அம்பாசடருக்கு ஒரு கோடு, 1089-லிருந்து ஃபியட்டுக்கு ஒரு கோடு, 796-லிருந்து மாருதிக்கு ஒரு கோடு. யோசிக்கவே இல்லை. 948-ஐப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இழுத்தார்.

"தப்பு தாத்தா. 948 மோரிஸ் மைனர். ஹெரால்டுக்கு 25."

"இருபத்தஞ்சுன்னா என்ன கண்ணு?"

"தெரியல. விடையில அப்படித்தான் போட்டிருக்கு."

இந்தத் "தெரியல"தான் என்னை எழுத வைத்தது.

முதலில் வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். 1961-லிருந்து மெட்ராஸில் தயாரான ஹெரால்டின் இன்ஜின் 948 சிசி, அதாவது சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர். 1956-ல் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் மைனர் 1000-க்கும் 948 சிசிதான். இரண்டும் வேறு கம்பெனி, வேறு இன்ஜின்; ஒன்றின் ஹெட்டைக் கழற்றி மற்றதில் மாட்ட முடியாது. எண் மட்டும் ஒன்று. ஆக, அப்பா போட்ட கோடு சரி. புதிர் போட்டவர்தான் ஒரே எண்ணுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் இருப்பதைப் பார்க்கவில்லை.

அந்த 25? ஹெரால்டு ஒரு வட்டமடிக்கத் தேவையான இடம், 25 அடி. பழைய கார்களில் அவ்வளவு குறுக்கித் திரும்பியவை சொற்பம். அப்பா ஸ்டியரிங் பிடித்துப் பழகியதே ஒரு எஸ்டேட்காரரின் ஹெரால்டில்தான். மேட்டுப்பாளையம் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவு. "பம்பரம் மாதிரி சுத்தும்டா" என்று என் சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அடிக்கணக்கில் அளந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான். அவருக்குத்தான் அந்தக் கேள்வியில் தப்புப் போட்டார்கள்!

இந்த மாதிரிப் புதிர்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால், ஏன் அந்த எண் என்று சொல்ல முடியாத எண்ணைப் புதிரில் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. காரணம் இருந்தால் ஒற்றை எண்ணே ஒரு சாயங்காலத்துக்குப் போதும். மினி காருக்கு 10 என்று அந்தத் தாளில் இருந்தது நல்ல கேள்வி. 1959-ல் வந்த அந்த காருக்கு வெறும் 10 அங்குலச் சக்கரம். 1956-ல் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையில் பெட்ரோலுக்குத் திண்டாடியதில் பிறந்த யோசனை. சின்ன கார் வேண்டும், ஆனால் நாலு பேர் உட்கார வேண்டும். சக்கரம் உள்ளே வந்து இடத்தைத் தின்னக் கூடாதென்று அதைச் சுருக்கினார் அலெக் இசிகோனிஸ். மோரிஸ் மைனரை வடிவமைத்தவரும் அவரே.

போர்ஷே 911-க்கு முதலில் வைத்த எண் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்க எண்கள் எங்களுடையவை என்று பிரான்சில் பெஜோ கம்பெனி மல்லுக்கு நின்றது. போர்ஷேக்காரர்கள் பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஒன்றைப் போட்டார்கள். எண்ணுக்கே பட்டா!

இன்னொரு வேடிக்கை. துணிக்கடையில் 1000 ரூபாய்ச் சேலையை 999 என்று இறக்கிப் போடுவார்கள். கார்க்காரர்கள் ஏற்றிப் போடுவார்கள். மாருதி 800 என்பது 796, ஃபியட் 1100 என்பது 1089, மைனர் 1000-ன் கதை மேலேயே பார்த்தோம்.

இங்கிலாந்தின் பழைய சின்ன கார் ஆஸ்டின் 7-ல் வரும் ஏழு குதிரைகளும் வண்டியை இழுத்தவை அல்ல, வரிக்கணக்குக் குதிரைகள். இங்கிலாந்தில் அன்று சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து வரி போட்டார்கள். பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது கணக்கிலேயே வராது. விடுவார்களா? சிலிண்டரை ஒடுக்கி, பிஸ்டனின் ஓட்டத்தை நீட்டினார்கள். 1940களில் அந்த வரி போன பிறகும் பழக்கம் போகவில்லை. அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 73 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 88.9 மி.மீ. நீண்ட ஓட்டம் என்பதால் கீழ் வேகத்திலேயே இழுவை வரும். மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டியதும் செகண்ட் கியரில் போட்டுவிட்டு, ஆறு பேரும் கேரியரில் பெட்டிகளுமாக முக்கி முனகியாவது ஏறிவந்துவிடும். என்றைக்கோ லண்டனில் வரி ஏய்க்கச் செய்த தந்திரம் எங்கள் பர்லியாறு ஏற்றத்தில் சோறு போட்டிருக்கிறது என்றால் அப்பா நம்ப மறுக்கிறார்.

குதிரைத்திறனையும் உச்ச வேகத்தையும் புதிரில் போடுவதுதான் எனக்குப் பிடிக்காது. அவை சமவெளி எண்கள். ஊட்டி 2240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றும். ப்ளக் கரி பிடிக்கும், புகை கறுக்கும், இழுவை குறையும். தண்ணீரே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். "எச்பி எல்லாம் மேட்டுப்பாளையத்தோட சரி" என்பார் அப்பா. ஏறும்போது தண்ணீர் கேனும், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கட்டையும், இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப் சூடேறினால் மேலே போட ஈரத்துணியும் அவர் வண்டியில் கட்டாயம் இருக்கும். இவற்றையெல்லாம் எந்த விடைத்தாளில் பொருத்துவது?

பத்துக்கு எட்டு என்று மார்க் போட்ட தாள் இப்போது அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. தினம் காலையில் டீ குடிக்கும்போது, "அந்தக் கேள்வி போட்ட ஆளுக்கு எழுதிட்டியா?" என்று கேட்கிறார்.

எழுதியாச்சுப்பா.