ராஸ்பெர்ரி பை கணினி இலவசமா?

பாளையங்கோட்டை வட்டார வாட்ஸ்அப் குழுக்களில், 'பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்தினால், ராஸ்பெர்ரி பை அறக்கட்டளை மாணவர்களுக்கு இலவசக் கணினி தரும்' என்றொரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு. 2008-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கப்பட்ட அந்த அறக்கட்டளை எல்லோருக்கும் இலவசமாக வழங்குவது ஸ்கிராட்ச், பைத்தான் போன்ற நிரல்மொழிகளைக் கற்பதற்கான இணையப் பாடங்களையே. அவற்றுக்குப் பதிவுக் கட்டணம் ஏதுமில்லை. ஒரே மின்சுற்றுப் பலகையாக அமைந்த ராஸ்பெர்ரி பை கணினியோ, 2012 பிப்ரவரி 29 முதல் விலைக்கு விற்கப்படும் பொருள். முதலில் வந்த பலகையின் விலை 35 டாலர். செய்தியோடு பரவும் படத்தில் திரையும் விசைப்பலகையும் சேர்ந்திருப்பதே ஐயத்துக்கு இடம் தருகிறது: உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பச்சைப் பலகையுடன் அவை வருவதில்லை, இயங்குதளத்தை ஏற்றும் மெமரி கார்டைக்கூடப் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.