ஊருணியைத் தாண்டும்போது

வயதும் அனுபவமும் கூடக்கூட தீயணைப்பு வீரர்களுக்கு மன அழுத்தம் பழகிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பாதிதான் சரி. எங்கள் மாமா ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் 30 வருடம் தீயணைப்பு வண்டியில் போனவர். ஆடிக் காற்றில் ஓலைக் குடிசை பற்றினால்கூட நிதானமாக நிற்பார். அது அனுபவம் தந்தது. ஆனால் ஊருணியில் மூழ்கிய பிள்ளைகளைத் தூக்கி வந்தாரே, அது ஒன்றுகூட மறக்கவில்லை. இன்றும் பஸ் ஊருணியைத் தாண்டும்போது முன் சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வார், பேச்சு நின்றுவிடும். பாதிப்பு மனதோடு நிற்பதில்லை. தீயணைப்புத் தொழிலே புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்று 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. தீயணைப்புத் துறை வீரர்களின் உடம்பைப் பரிசோதித்துப் பார்க்கட்டும், அப்புறம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் உட்கார்ந்து பேச நிலையத்துக்கு ஒரு மனநல ஆலோசகரையும் அனுப்பட்டும்.