வன்னிக்கு வந்து தங்கியவர்கள் எதை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

இலங்கையின் வடக்கே வன்னியில் இப்போது புதிதாக எழும்புகிற தங்குமிடங்கள் எல்லாம் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. வழுக்குகிற டைல்ஸ், கறுப்புக் கண்ணாடி யன்னல், ஏசி, சுவரில் பெரிய டிவி. விடிந்தால் மேசைக்கு வருவது நாலு துண்டு பாண், பட்டர், ஜாம், ஒரு முட்டை. கிளிநொச்சியிலும் அதுதான், மாங்குளத்திலும் அதுதான், முல்லைத்தீவிலும் அதுதான். கட்டுகிறவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வந்து தங்கிப் போகிறவர்கள் வருடக்கணக்காக மனதில் வைத்திருப்பது இதில் எதையுமே இல்லை.

இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. முல்லைத்தீவுக்குக் கிட்ட முள்ளியவளையில் என் பெரியம்மா தன் வீட்டில் இரண்டு அறைகளைத் தங்க வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார். இரவு படுக்கை, காலைச் சாப்பாடு. முதலே சொன்னால் இரவுச் சாப்பாடும் உண்டு. ஃபோனில் பதிவு பார்ப்பது, ஆங்கிலத்தில் பதில் போடுவது எல்லாம் என் வேலை. வந்தவர்கள் ஊர் திரும்பிய பிறகு அனுப்புகிற செய்திகளைப் பெரியம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவதும் நான்தான். விறாந்தை மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி கிடக்கிறது, போகும்போது அதிலும் எழுதிவிட்டுப் போவார்கள். இவ்வளவையும் வாசித்ததில் அறையின் அகலத்தைப் பற்றியோ டிவியைப் பற்றியோ ஒருவர்கூட எழுதி நான் காணவில்லை. ஒரு அறையில் ஃபேன் சத்தம் போடுகிறது என்று இரண்டு மூன்று பேர் எழுதினார்கள். உண்மைதான், மாற்றிவிட்டோம்.

பிறகு எதைத்தான் எழுதுகிறார்கள்? கிணற்றடியை. குளியலறையில் குழாய் இருக்கிறது, ஷவரும் இருக்கிறது. ஆனாலும் பெரியப்பா விடிய எழும்பி வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவதைப் பார்த்தால் அவர்களுக்கும் ஆசை வந்துவிடும். மார்கழி, தை மாதக் குளிரில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது கொழும்பில் இருந்து வருகிறவர்களுக்கே புதினம். மதிலில் வந்து நிற்கிற மயிலை எழுதுகிறார்கள், இரவில் வயல் பக்கம் கத்துகிற ஆட்காட்டிக் குருவியை எழுதுகிறார்கள். பிரான்சில் இருந்து தாய் தகப்பனோடு வந்த இரண்டு சின்னப் பிள்ளைகள் பாலைப்பழம் தின்று, உதடு இரண்டும் பால் ஒட்டிக்கொண்டு சிரிக்க முடியாமல் நின்ற படத்தை இன்னும் எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பறவை பார்க்கிறவர்களும் வருவார்கள். கார்த்திகையில் இருந்து பங்குனி வரை கொக்கிளாய்க் களப்பிலும் சுண்டிக்குளத்திலும் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகிற காலம். நெதர்லாந்துத் தம்பதி ஒன்று அதற்காகவே வந்தது. விடிய நாலரைக்குப் புறப்பட வேண்டும், காலைச் சாப்பாடு வேண்டாம் என்று சொன்னார்கள். பெரியம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை. மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து, வாட்டிய வாழையிலையில் சம்பலும் வைத்துக் கட்டிக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினார். அவர்கள் பிறகு அனுப்பிய நீண்ட கடிதத்தில் பறவைகளுக்கு ஒரு வரிதான். மீதி முழுக்க அந்தப் பொதி. களப்புக் கரையில் இருந்து அதை அவிழ்த்தபோது இடியப்பத்தில் இன்னும் சூடு இருந்ததாம்.

காலைச் சாப்பாட்டைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் முதலில் கைவிடுகிறது அதைத்தான். “வெள்ளைக்காரருக்கு எங்கட சாப்பாடு ஒத்துவராது” என்று தாங்களாகவே முடிவெடுத்துவிடுகிறார்கள். பெரியம்மா வீட்டில் புட்டு அவிப்பதை ஒருநாள் வந்து பாருங்கள். வறுத்த அரிசிமாவும் அவித்த கோதுமைமாவும் கலந்து, உப்புப் போட்ட கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அகப்பைக் காம்பால் கிளறுவார். பிறகு பேணியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் விளிம்பால் கொத்து கொத்தென்று கொத்துவார். கட்டி கட்டியாய் இருந்த மா அப்படியே குறுணியாய் உதிரும். தேங்காய்ப்பூவைப் பிசிறி நீத்துப்பெட்டியில் போட்டு மூடினால், சற்று நேரத்தில் அந்த வாசம் அறைக் கதவுவரை போய்த் தட்டும். அலாரம் வைத்து எழும்புகிறவர்களும் அலாரத்துக்கு முன்னே குசினி வாசலில் நிற்பார்கள். தொட்டுக்கொள்ள முருங்கையிலை போட்ட நண்டுக் குழம்பு. மச்சம் சாப்பிடாதவர்களுக்குக் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, சொதி. கடைசியில் கதலி வாழைப்பழமும் எருமைத் தயிரும். இதைச் சாப்பிட்டுவிட்டு ஒத்துவரவில்லை என்று சொன்ன வெள்ளைக்காரரை நான் காணவில்லை.

குருநாகலில் இருந்து வந்த ஆசிரியை ஒருவர் இரண்டாம் நாள் பேணியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அவர்கள் ஊரிலும் பிட்டு உண்டுதானே. ஆனால் கொத்துகிற விதம் வேறு போல. அவருக்குத் தமிழ் தெரியாது, பெரியம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. குசினியில் இரண்டு பேரும் விடாமல் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சித்திரை வருடப்பிறப்புக்கு இன்றைக்கும் அவரிடம் இருந்து கோல் வரும்.

எங்கள் சனத்துக்கு இது புதிதாகப் பழக வேண்டிய தொழில் என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வைகாசி விசாகத்தை ஒட்டி வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வரும். சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, எங்கள் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்தக் கடல்நீரில் விளக்கெரித்து, அதன் பிறகுதான் வற்றாப்பளையில் பொங்கல். செல்வச்சந்நிதியில் தொடங்கிக் கதிர்காமம் வரை நடக்கிற பாதயாத்திரைக்காரர் அந்தப் பொங்கலுக்கு இங்கே வந்து சேர்ந்துவிட்டுத்தான் மேற்கொண்டு நடப்பார்கள். வழி நெடுக அவர்களுக்குச் சாப்பாடு போடுவதும் படுக்க இடம் விடுவதும் ஊரவர்தான். பெரியம்மா அந்தக் கிழமை யாருக்கும் அறை வாடகைக்குக் கொடுக்க மாட்டார். விறாந்தை முழுக்கப் பாய் விரித்திருக்கும்.

போர்க்காலத்தில் 1995ஐ எடுங்கள். ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுக்கக் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. அதன் பிறகு எத்தனையோ குடும்பங்கள் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குள் வந்தன. அன்றைக்கு இங்கே ஹோட்டலா இருந்தது? வீட்டுக்காரர் தாழ்வாரத்தில் ஒரு பத்தியை இறக்கி, கிடுகால் மறைத்து, “இதில இருங்கோ” என்று விட்டார்கள். நெல்லும் விறகும் பங்குபட்டது.

அந்தக் காலத்து விருந்தாளி ஒருவர் போன வருடம் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார். அறுபதைத் தாண்டிய மனிதர், மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். 96இல் முள்ளியவளைப் பக்கம் ஒரு வீட்டுப் பத்தியில் குடும்பமாக இருந்தவராம். வீட்டுக்காரரின் பெயர் நினைவிருந்தது, ஒழுங்கை நினைவில்லை. பெரியப்பா அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு விசாரித்துத் திரிந்தார். வளவைக் கண்டுபிடித்தார்கள். வீடு இல்லை, கிணறு மட்டும் இருந்தது. அந்த வீட்டு அம்மாவும் இல்லை. ஆனால் அவரின் மகள் அடுத்த ஒழுங்கையில்தான் இருக்கிறார். இவரைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “உங்கட சின்னவனுக்கு இழுப்பு சுகமாகிட்டுதோ?” அந்தச் சின்னவனுக்கு இப்போது முப்பது வயதுக்கு மேல். மனிதர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு இரவு என்று பதிந்தவர்கள் ஒரு கிழமைக்குக் கிட்ட இருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில், இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில். போகும்போது கொப்பியில் தமிழில் இரண்டே வரி எழுதினார். எப்போது வெளிக்கிடுகிறீர்கள் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை, இன்றைக்கும் யாரும் கேட்கவில்லை என்று. பெரியம்மா அந்தப் பக்கத்தை வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டுவார்.

சரி, இனி எனக்குக் கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். வட்டுவாகல் பாலத்தைக் கடந்தால் முள்ளிவாய்க்கால். அதைப் பார்க்கவே வருகிறவர்கள் உண்டு, வரத்தான் வேண்டும், நடந்தது உலகுக்குத் தெரியத்தான் வேண்டும். ஆனால் காலையில் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு, சாப்பாடு பரிமாறுகிற பெண்ணிடம் “உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் செத்தார்கள்?” என்று கேட்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கேட்டவர் வெளிநாட்டுக்காரர்தான் என்று நினைக்க வேண்டாம், நம்மவர்களும் கேட்கிறார்கள், ஃபோனைத் தூக்கி வீடியோவும் எடுக்கிறார்கள். அறை வாடகையில் அதற்கு உரிமை கிடையாது. வீட்டுக்காரர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரும் இல்லை. தங்குமிடம் நடத்துகிற அக்காமார், அம்மாமார் இதைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுங்கள்: “அதை நான் கதைக்கிறேல்லை.” அவ்வளவு போதும்.

சுவிஸில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளை ஒருத்தி தனியாக வந்து தங்கினாள். ஒன்றும் கேட்கவில்லை. பின்னேரங்களில் திருவலையில் இருந்து தேங்காய் துருவிக் கொடுத்தாள், முற்றம் கூட்டினாள். மூன்றாம் நாள் பெரியம்மா தானாகவே சொல்லத் தொடங்கினார். 2009 மாசியில் இருந்து வைகாசி வரைக்கும், பிறகு மெனிக் பாம் முகாம், பிறகு திரும்பி வந்து கூரையில்லாத வீட்டுக்குள் கால் வைத்த நாள், எல்லாம். நான் பிள்ளையாய் அந்த வீட்டில் வளர்ந்தவன். எனக்குச் சொல்லாத சிலதையும் அவளுக்குச் சொன்னார். அவள் போய் எழுதியதை நான் தேடித் தேடி வாசித்தேன். கிணற்றடி இருக்கிறது, நண்டுக் குழம்பு இருக்கிறது, பெரியப்பாவின் பழைய றேடியோ இருக்கிறது. பெரியம்மா சொன்னதில் ஒரு சொல்கூட இல்லை. அந்தப் பிள்ளையை நான் மதிப்பது அதற்காகத்தான்.

காசு விஷயமும் கதைக்க வேண்டும். பெரியம்மாவுக்குத் தொடக்கத்தில் காசு வாங்கக் கை கூசியது. “வீட்டுக்கு வந்த ஆக்களிட்டச் சாப்பாட்டுக்குக் காசு வாங்கிறதோ?” என்று ஒரே கதை. வாங்கத்தான் வேண்டும். விடிய மூன்று மணிக்கு எழும்புவதும் படுக்கை விரிப்புத் தோய்ப்பதும் வேலை. பதிவுத் தளங்களும் தங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டுதான் மீதியைத் தருகின்றன. பாதயாத்திரைக்காரருக்குப் பாய் விரித்த கை, சுற்றுலா வருகிறவரிடம் நியாயமான வாடகையை வாங்கினால் அதில் ஒரு குறையும் இல்லை. நீர்கொழும்பிலும் பெந்தோட்டையிலும் கேட்ட காசை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு இங்கே வந்து “நம்மட ஆக்கள்தானே, குறையுங்கோ” என்று பேரம் பேசுகிற உறவுகளே, தயவுசெய்து அதை விடுங்கள். நம்மட ஆக்கள் என்பதற்காக இங்கே தேங்காய் விலை குறையாது.

இன்னொன்று. அறை கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கடன் எடுத்து மாடி கட்டாதீர்கள். நுண்கடன் வன்னிப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை ஊர் முழுக்கப் பார்த்திருக்கிறோம். பிள்ளைகள் வெளிநாடு போய்ச் சும்மா கிடக்கிற அறை எத்தனை வீடுகளில் இருக்கிறது! அதைக் கழுவி, வெள்ளையடித்து, நல்ல மெத்தை, ஓட்டையில்லாத நுளம்பு வலை, உள்ளே தாழ்ப்பாள், துப்புரவான மலசலகூடம், இந்த நான்கையும் சரியாகச் செய்தால் போதும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வந்தவர் அன்பாக இருக்கிறார் என்பதற்காக அழுக்கான மலசலகூடத்தை மன்னிக்க மாட்டார். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிலேயே ஹோம்ஸ்டே என்று தனிப் பிரிவு இருக்கிறது, வீட்டுக்காரர் தன் வீட்டிலேயே குடியிருந்துகொண்டு அறை கொடுப்பதற்கு. பதிவு செய்துவிடுங்கள். வெளிநாட்டவரின் கடவுச்சீட்டு விபரத்தையும் ஒழுங்காக எழுதி வையுங்கள், பிறகு கரைச்சல் வராது.

ஏசி பூட்டுகிறவர்கள் பூட்டட்டும். பங்குனி, சித்திரை வெக்கையில் நானே அதைத் தேடுவேன். ஆனால் ஏசி பூட்டிய கையோடு குசினியை மூடிவிட்டுக் கடையில் பாண் எடுக்கத் தொடங்கினால், மாங்குளத்தில் இறங்கி மீதித் தூரம் பஸ்ஸில் குலுங்கி வருகிறவருக்கு இங்கே என்ன இருக்கிறது? அதே பாணை அவர் கொழும்பிலேயே சாப்பிட்டிருக்கலாமே.

மார்கழி லீவுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரியம்மா வீடோ வேறு வீடோ, எங்கே தங்கினாலும் காலையில் என்ன வேண்டும், மச்சம் சாப்பிடுவீர்களா, உறைப்புக் குறைக்க வேண்டுமா என்பதை முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்குள் சொல்லிவிடுங்கள். இரவு பத்து மணிக்கு வந்து இறங்கி நண்டு கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. நல்ல நண்டு வாங்குவதற்குப் பெரியப்பா விடியவே முல்லைத்தீவுக் கரைக்குப் போக வேண்டும். மாரியில் கடல் குழம்பினால் அதுவும் இல்லை, அன்றைக்குக் கத்தரிக்காய்தான்.