பாலம் கட்டினால் மட்டும் போதாது

அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் டாமியாமி சாலைக்குப் பாலம் போட்டதும் பழைய நீரோட்டம் திரும்பிவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பாதிதான் சரி. அங்கே தரைச் சரிவு கிலோமீட்டருக்குச் சுமார் 3 செ.மீ. மட்டுமே. நீர் பாய்வதில்லை, பாய் விரித்தாற்போல் தவழும். 1928-ல் திறந்த சாலை அதைக் குறுக்கே மறித்தது; சாலைக்கு அடியில் நீர் போகக் கல்வெர்ட்டுகள் (குழாய்கள்) வைத்தும் பயனில்லை. குழாய் வாயில் மட்டும் நீர் பீறிட்டு அரிக்கும், நடுவிலுள்ள இடம் காய்ந்து கிடக்கும்.

2013-ல் 1 மைல், 2019-ல் 2.3 மைல் எனப் பாலங்கள் வந்தன. ஆனால் பாலமில்லாத பகுதியிலும் சாலை மேட்டை உயர்த்த வேண்டியிருந்தது. காரணம், நீரைத் தெற்கே அனுப்ப வடபக்கக் கால்வாயின் நீர்மட்டத்தை 7.5 அடியிலிருந்து 8.5 அடிக்கு ஏற்றினால் சாலையின் அடித்தளம் ஊறிப்போகும். அந்த 1 அடிக்குத்தான் இத்தனை பாடு!

இப்படி நீரை மறிக்கும் பழைய சாலைக்கரையை அகற்றும்போது பலரும் சறுக்குவது தரைமட்டத்தில். சாலையின் தார்ப்பூச்சைத் தனியே சுரண்டி வெளியேற்றிவிட்டு, கல்மண்ணை, கரைக்கு மண் எடுத்த பக்கத்துப் பள்ளத்திலேயே நிரப்ப வேண்டும். பள்ளத்தை மூடாமல் விட்டால் நீர் அதற்குள் விழுந்து பக்கவாட்டில் ஓடிவிடும். அரை அடி மேடு மிஞ்சினாலும் நீர் குறைந்த பருவத்தில் அதுவே அணை. அரை அடி கூடுதலாகத் தோண்டினால் வாய்க்கால்.

இன்னொன்று: வரும் நீரில் பாஸ்பரஸ் (வயல் உரத்திலிருந்து கரைந்து வரும் சத்து) லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால், பழைய கோரைப்புல் போய்ச் சம்பு அடர்ந்துவிடும். வயல்நீரை வடிகட்டாமல் கரையை மட்டும் உடைப்பது வேண்டாத வேலை.