தோற்றாலும் ஏறும் எண்ணிக்கை

இரவு மூடிப் பையில் வைத்த மடிக்கணினியைக் காலையில் எடுத்தால் தோசைக்கல்லாகச் சுடுகிறது. பாட்டரியில் 4 சதவீதம். "பாட்டரி பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்கிறார் கடைக்காரர். சாதனங்களை இயக்கும் 'டிரைவர்' நிரல்களை எழுதிப் பிழைக்கும் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பல நேரங்களில் பாட்டரி ஒரு பாவமும் செய்திருக்காது. உள்ளே ஏதோ ஒரு சாதனம் இரவெல்லாம் தூங்காமல் கிடந்திருக்கும்.

சாதனங்களின் மின்நிலைகளுக்குப் பெயர் உண்டு: டி0 என்றால் முழு விழிப்பு, டி3 என்றால் உறக்கம். 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா சேர்ந்து வெளியிட்ட, கணினியின் மின்நிலைகளை நிர்வகிக்கும் ஏசிபிஐ விதிமுறையிலிருந்தே இந்தப் பெயர்கள் புழக்கத்தில் இருக்கின்றன. விதியில் குழப்பமில்லை. கணக்கு வைப்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

லினக்ஸ் இயங்குதளத்தில் சாதனத்தைத் தொடுமுன் டிரைவர் பயன்பாட்டு எண்ணிக்கையை ஒன்று கூட்ட வேண்டும், வேலை முடிந்ததும் ஒன்று குறைக்க வேண்டும். பூஜ்யமானால்தான் சாதனம் தூங்கலாம். கூட்டுவதற்கென்று இருந்த 'பிஎம் ரன்டைம் கெட் சிங்க்' என்ற ஃபங்ஷன் (டிரைவர்கள் அழைக்கும் நிரல்துண்டு), சாதனத்தை எழுப்ப முடியாமல் தோற்றாலும் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். பிழை வந்தால் அப்படியே திரும்பிவிடுவதுதான் நிரலாளர் கை பழகிய வழக்கம். திரும்பிவிட்டால் அந்த ஒன்று அங்கேயே நின்றுவிடும். திரையில் ஓர் எச்சரிக்கையும் வராது. எத்தனையோ டிரைவர்கள் இதில் வழுக்கி விழுந்தன. தோற்றால் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும் மாற்று 2020இல், 5.10 பதிப்பில்தான் வந்தது. 'ஆவணத்தில் எழுதியிருக்கிறதே' என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன். திறமையானவர்களே திரும்பத் திரும்பத் தவறுகிறார்கள் என்றால் மாற வேண்டியது அந்த ஃபங்ஷன்தான்.

தூங்க வைத்த பிறகும் ஆபத்து இருக்கிறது. ஒருமுறை என் டிரைவர் பக்கத்துச் சாதனத்தோடு ஒரே இன்டரப்ட் தடத்தை (சாதனம் கணினியைக் கூப்பிடும் வழியை)ப் பகிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சாதனம் கூப்பிட்டதும் என் நிரலும் ஓடி, மின்சாரம் துண்டிக்கப்பட்ட என் பிசிஐ அட்டையின் (கணினியில் செருகும் சாதனத்தின்) நிலை ரெஜிஸ்டரை, அதாவது என்ன நிகழ்ந்தது என்று சொல்லும் பதிவிடத்தை, படித்தது. பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் 32 பிட்டும் '1' என்றே வரும். எல்லா நிகழ்வும் ஒருசேர நடந்துவிட்டதாக என் நிரல் நம்பிவிட்டது. இல்லாத தரவை அள்ளப் போய்க் கணினி உறைந்தது. கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆயின. சேர்த்த திருத்தம் இரண்டே வரி: எல்லா பிட்டும் '1' என்று வந்தால், 'இது என்னுடையதல்ல' என்று திரும்பிவிடு.

மின்நிலைக் கையாளலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். இப்போது யார் டிரைவர் கொண்டுவந்தாலும் பிழை வந்தால் நிரல் போகும் பாதைகளைத்தான் முதலில் படிக்கிறேன். கணினியை நூறு முறை தூங்கவைத்து எழுப்பிய பதிவைக் காட்டாதவரை ஒப்புதல் தருவதில்லை.