மூச்சு வாங்கும்போது ஸ்நாட்ச் எதற்கு?

எங்கள் டெல்லி மயூர் விஹார் பக்கத்து ஜிம்களில் புதுசாக ஒரு பழக்கம். கடிகாரத்தை ஓடவிட்டு முப்பது ஸ்நாட்ச் (எடையைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது), உடனே பர்பீ (தரையில் படுத்து எழுந்து குதிப்பது), மறுபடியும் ஸ்நாட்ச். பக்கத்தில் ட்ரெயினர் "ஏக் ஔர், ஏக் ஔர்!" (இன்னும் ஒண்ணு!) என்று கத்திக்கொண்டே இருப்பார். வியர்வை கொட்டும், வீடியோ நன்றாக வரும். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

ஸ்நாட்சில் பார், அதாவது எடை மாட்டும் கம்பி, உடம்பை ஒட்டியே மேலேற வேண்டும், இடுப்பு முழுசாக நிமிரும்வரை கை மடங்கக் கூடாது, நிமிர்ந்த அடுத்த கணமே பாருக்கு அடியில் போய் உட்கார வேண்டும். உடம்பு களைத்தால் முதலில் குலைவது இந்த வரிசைதான். கை சீக்கிரம் மடங்கும், பார் முன்னால் ஓடும், அதைப் பிடிக்க நாமும் தாவுவோம். முப்பது தடவை தாவினால் உடம்பு தாவத்தான் பழகும்.

பளுதூக்கும் போட்டியிலேயே ஸ்நாட்சுக்கு மூன்று வாய்ப்பு, கிளீன் அண்ட் ஜெர்க்குக்கு (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல் தூக்குவது) மூன்று, அவ்வளவுதான். நம்ம வேலூர் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 144, 173 என்று மொத்தம் 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியதும் அப்படித்தான். ஒருவரே அடுத்தடுத்துத் தூக்க வேண்டி வந்தால் விதியே இரண்டு நிமிடம் தருகிறது. மாதச் சந்தா கட்டிப் போகிற நமக்கு மட்டும் என்ன அவசரம்?

டெக்னிக் பழகும் நாளில் செட்டுக்கு இரண்டு மூன்று தடவை தூக்கினால் போதும். நடுவில் நன்றாக ஓய்வு. ஆண்களுக்கான பாரே 20 கிலோ, பெண்களுடையது 15. ஆரம்பத்தில் அதுவே தாராளம். ஒரு விஷயத்தை மட்டும் பல ட்ரெயினர்கள் கவனிப்பதில்லை. போட்டியில் பாரில் மாட்டும் பிளேட்டின் (எடைத் தட்டின்) விட்டம் 45 சென்டிமீட்டர், அதனால் பார் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். நம் ஜிம்களில் சின்ன இரும்பு பிளேட்டை மாட்டினால் பார் இன்னும் கீழே போய்விடும். புதுசாக வருகிறவர் அதைக் குனிந்து எடுக்கும்போதே முதுகு வளைந்துவிடும், அப்புறம் திட்டு அவருக்கு! இரண்டு பக்கமும் அடியில் பிளேட்டை அடுக்கி உயர்த்திக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மெத்தென்ற ரன்னிங் ஷூவைக் கழற்றினால் இன்னும் கொஞ்சம் தீரும். எடை தூக்கும்போது இடுப்பில் கட்டும் பெல்ட் பற்றிக் கேட்பவர்களுக்கு: மூச்சை இழுத்து வயிற்றை அதன்மேல் அழுத்தத் தெரியாதவரை அது அரைஞாண் கயிறு மாதிரிதான்.

கண்டிஷனிங், அதாவது மூச்சுத் தாக்குப்பிடிக்கப் பழகும் பயிற்சி, வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாவது மாடி ஏறியதும் மூச்சு வாங்கினால் ஸ்குவாட் செட்டும் பாதியில் படுத்துவிடும். அதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், தூக்கி முடித்த பிறகோ வேறொரு நாளிலோ. சைக்கிள், ரோயிங், இரண்டு கையிலும் டம்பெல் பிடித்து நடப்பது, நம்ம ஊர் பஸ்கி, இவற்றில் களைத்துக் கொஞ்சம் ஃபார்ம் கெட்டாலும் பெரிய ஆபத்தில்லை. பெரும்பாலும் பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகம், வாரத்தில் ஒரு நாள் மட்டும் நாக்குத் தள்ளும் வேகம். நவம்பர் புகையில் சஞ்சய் ஏரியைச் சுற்றி ஓடுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அந்த வாரங்களில் உள்ளேயே, அதுவும் குறைந்த வேகத்தில்.

கிராஸ்ஃபிட் (எடை தூக்குவதையும் மூச்சுப் பயிற்சியையும் கலந்து செய்யும் முறை) வீரர்கள் செய்கிறார்களே என்று கமெண்டில் யாராவது வருவீர்கள். செய்கிறார்கள், வருஷக்கணக்கில் தூக்கப் பழகிவிட்டு. நம் ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம் ஆனவருக்கும் பலகையில் எழுதிப் போடும் அதே பயிற்சிதான். முப்பது ஸ்நாட்ச் என்று எழுதியிருந்தால் ரோயிங்காக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ட்ரெயினர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும்.