நிக்கோடெமஸை மறந்துவிட்டீர்களே
"அடிமை முறை ஒழிந்ததும் கறுப்பினத்தவர் நகரங்களுக்குப் போய்விட்டார்கள், அமெரிக்கக் கிராமங்களில் அவர்களுக்கு வரலாறே இல்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. நகரங்களை நோக்கிய பெரும் இடப்பெயர்வு 1910களில்தான் தொடங்கியது. அதுவரை பெரும்பாலோர் கிராமத்தில்தான் இருந்தார்கள்.

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் நிக்கோடெமஸ் என்று ஒரு ஊர். 1877இல் கென்டக்கியிலிருந்து வந்த முன்னாள் அடிமைகள் குடியேறியது. மரமே இல்லாத புல்வெளி. மண்ணைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். முதல் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்து உதவினார்கள். அப்புறம் ஊர் வளர்ந்தது, பள்ளி, கடை, செய்தித்தாள் எல்லாம் வந்தன. 1888இல் ரயில் பாதை ஊரை விட்டு விலகிப் போனதும் கடைக்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். (நம் பக்கமும் நெடுஞ்சாலை விலகிப்போன ஊர்களின் கதி இதுதானே!)

1996இல் அது தேசிய வரலாற்றுத் தலமானது. இன்றும் ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் வெளியூர் வாரிசுகள் அங்கே திரும்பி வந்து கூடுகிறார்கள்.